மாப்பிள்ளை இறங்க வேண்டிய தீவு

மார்ச் 4, செவ்வாய்

அத்தை கப்பலேறிவிட்டார். காலியாகக் கிடக்கும் கேபினில் ஊழியர்களின் வீட்டாரைச் சலுகையில் அழைத்து வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி தெரியாத மாதிரியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

ஒரே நிபந்தனை: கப்பலில் அவர் பயணி, நான் பயணியர் உதவி மேசையில் உட்கார்ந்திருப்பவள். உறவு கொண்டாடக் கூடாது. அத்தை இதை ரொம்பவே ரசித்து எடுத்துக்கொண்டார். மதியம் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "மேடம், தலையணை கல்லு மாதிரி இருக்கு. உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் குனிந்து பேனாவைத் தேடினாள். வேறு தலையணை அனுப்பினேன். அது பஞ்சு மாதிரி அமுங்குகிறதாம்.

மார்ச் 5, புதன்

கடல் அமைதி. அத்தை அப்படி இல்லை.

காலைச் சாப்பாடு முடிவதற்குள் மேல்தளத்தில் பாதிப் பேரின் குடும்பக் கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு பல் டாக்டர். நாற்பதைத் தாண்டியவர், இப்போதுதான் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. பெண் எங்கள் கப்பல் போகும் தீவில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கல்யாணம். விமானம் என்றால் டாக்டருக்கு உயிர் போய்விடும், அதனால் எங்கள் கப்பலில் வருகிறார். கூட வர யாரும் இல்லை. அத்தை அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் கப்பலே அப்படித்தான் கூப்பிட்டது. கண்டிப்புக்குப் பேர்போன தலைமைச் சமையல்காரர்கூட மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வை என்றாராம்.

மார்ச் 6, வியாழன்

காலையில் முதல் துறைமுகத்துக்கு வந்தோம். மதியம் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வாசகம் வந்தது. "தொழில்நுட்பக் காரணங்களால் சிறு தாமதம். தங்கள் பொறுமைக்கு நன்றி." இதைத் தவிர ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக் கூடாது என்று சிரிப்பு சார் சொல்லிவிட்டார். எங்கள் மேலாளர் அவர். சிரித்தபடியே பேச வேண்டும் என்று எங்களைப் பழக்கிப் பழக்கி, அவர் முகமே அப்படி நின்றுபோனது. திட்டும்போதும் சிரிப்பார்.

வரிசை மாடிப்படி வரை நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் அந்த வாசகத்தையே கொடுத்தேன். கடைசியில் ஊழியர் சாப்பாட்டு அறையில் உப்பை நகர்த்தச் சொன்ன பெண்ணிடம் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றேன். உப்பை அவளே எழுந்து எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் என்ஜின்காரர் விஷயத்தைச் சொன்னார். முக்கியமான பாகம் ஒன்று உடைந்துவிட்டது. புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தீவுக்குப் போவது இந்தத் தடவை நடக்காத காரியம். அலுவலகத்துக்குக் காலையிலேயே தெரியுமாம்.

சிரிப்பு சாரிடம் போய், பயணிகளிடம் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா இறங்கிடுவாங்கம்மா. இறங்கினா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. உள்ளயே இருந்தா செலவு ஐஸ்கிரீமோட போயிடும்," என்றார். சிரித்துக்கொண்டுதான்.

மேல்தளத்தில் எல்லோருக்கும் இலவச ஐஸ்கிரீம். மாப்பிள்ளை இரண்டு கையிலும் ஒவ்வொன்று வைத்துக்கொண்டு, எதையும் சாப்பிடாமல், தீவு இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். இரண்டும் சட்டைக் கையில் வழிந்தன.

மார்ச் 7, வெள்ளி

இதை வரிசையாக எழுத முடியுமா தெரியவில்லை. பார்க்கிறேன்.

காலையில் மாப்பிள்ளை துண்டு கேட்டு வந்தார். பிறகு மணி கேட்டு வந்தார், கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போகிற மாதிரி போய், நின்று, "அப்புறம்... போயிடுவோம்ல?" என்பார். நான் வாசகத்தைச் சொல்வேன். அவர் தலையாட்டுவார், பல்லைப் பிடுங்கும் முன் நோயாளி ஆட்டுவது போல.

என் மேசைக்கு எதிர் ஜன்னலில் பார்த்தால் பக்கத்துப் படகுத்துறை தெரியும். காய்கறியும் ஆட்களுமாகத் தினமும் காலையில் ஒரு படகு தீவுக்குப் போகிறது, சாயங்காலம் சேர்ந்துவிடும். இன்றைய படகு என் கண் முன்னால் கிளம்பிப் போனது.

அடுத்து வரிசையில் அத்தை. இந்தத் தடவை மேடம் போடவில்லை. குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் போய்ச் சேருவாரா என்று மட்டும் கேட்டார். சிறு தாமதம் என்றேன். பொறுமைக்கு நன்றியும் சொன்னேன். அத்தையிடம்.

"வீட்ல நீ பொய் சொன்னா எனக்கு உடனே தெரிஞ்சிடும்," என்றார். "பால் பொங்கினதைத் தொடைச்சிட்டு நிப்பியே, அப்பவே தெரியும். இந்த யூனிபார்ம்ல ஒண்ணுமே தெரியலம்மா. நல்லா கத்துக்கிட்ட."

போய்விட்டார்.

நல்லா கத்துக்கிட்டேனாம். நான் என்ன பண்ணேன்? கப்பலை நானா உடைச்சேன்? சொல்லச் சொன்னதைச் சொல்றேன், சம்பளம் வாங்கறேன். ஆனா அந்த மனுஷன் ஆபீஸ்ல போயா நிக்கிறார்? என் எதிர்லதானே வந்து நிக்கிறார். நாளைக்குப் படகையும் விட்டுட்டா, அங்க ஒரு பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்டு யாரைப் பார்த்துட்டு உக்காருவா?

மூன்று மணிக்கு மாப்பிள்ளை மறுபடி வந்தார். எழுதப் பேனா வேண்டுமாம். பேனாவைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "சார், கப்பல் தீவுக்குப் போகாது. பழுது பெருசு," என்றேன். "பக்கத்துத் துறையில நாளைக்குக் காலைல படகு இருக்கு. அதைப் பிடிச்சிடுங்க."

அவர் கத்தவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"படகு ரொம்ப ஆடுமா?"

"ஆடும் சார்."

"பரவாயில்லை," என்றார், முகம் வெளுத்து.

பின்னால் குழந்தையோடு நின்ற பெண், எங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். அவருக்கும் சொன்னேன். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். என்ஜின் உடைந்தது. தீவு இல்லை. என்றைக்குத் திரும்புவோம் என்று எனக்குத் தெரியாது.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள், அது நியாயம். பிறகு ஆளாளுக்குப் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வேறு வழி பார்க்க. மனுஷர்களுக்கு அதற்குத்தானே விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது?

திரும்பினால் சிரிப்பு சார். முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மேசையை விட்டு எழுந்து போகச் சொன்னார்.

போய்க்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், அலுவலகத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தது தன் தவறு என்றார். இறங்க நினைப்பவர்களுக்குப் படகுத்துறை வரை வேன் வரும், இருப்பவர்களுக்குச் சாப்பாடும் கேபினும் அப்படியே உண்டு, பணத்துக்குக் கப்பல் பொறுப்பு என்றார். நல்ல மனிதர். ஒரு நாள் முன்னால் நல்லவராக இருந்திருக்கலாம்.

மார்ச் 8, சனி

படகு போய்விட்டது. மாப்பிள்ளையும். அத்தையும்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தையின் கேபினைத் திறந்தால், தலையணைகள் மட்டும் இருந்தன. வரவேற்பில் சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்: மாப்பிள்ளை வீட்டார் என்று ஒருத்தராவது வேண்டாமா, அதனால் போகிறேன் என்று.

வீட்டுக்காரர் போன் செய்தார். அம்மா எங்கே என்றார். ஒரு கல்யாணத்தில் இருக்கிறார் என்றேன். யார் கல்யாணம்? பல் டாக்டர் கல்யாணம். எந்தப் பல் டாக்டர்? அவர் பேரை நான் கேட்கவே இல்லை.

சாயங்காலம் போட்டோ வந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் படகு மயக்கம் தெளியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார், பெண் தோளைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள். சிரிக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில், பெற்றெடுத்தவர் மாதிரி, அத்தை.

கேபினில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை. திரையில் தலைமை அலுவலகத்து அம்மாள். பயணிகளைக் கலவரப்படுத்தினீர்களா என்றார். கலவரமாகத்தான் இருந்தார்கள், காரணத்தைச் சொன்னேன் என்றேன். அலுவலகம் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, புரியவில்லை. நிஜமென்றே வைத்துக்கொண்டேன்.

"முதல்ல என்ன நடந்ததுன்னு சொல்லுங்க மேடம்," என்றேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இறங்கறதா இருக்கறதான்னு அவங்க முடிவு பண்ணட்டும். ஐஸ்கிரீம் அப்புறம் குடுக்கலாம்."

ஏதோ எழுதிக்கொண்டார். முடிவு வரும்வரை எனக்குச் சலவை அறை.

ஏப்ரல் 2, புதன்

போர்வை. போர்வை. போர்வை. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நிம்மதி என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அத்தை போனில் கூப்பிட்டார். வேலை போனால் போகட்டும், வீட்டில் இருந்தால் தனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று என்றார். அந்த நிமிஷத்திலிருந்து வேலை நிலைக்க வேண்டும் என்று தீவிரமாக வேண்டிக்கொள்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், மேசைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. இன்று காற்று பலம். துறைமுகத்தை மூடிவிட்டார்கள். உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கிறோம்.

கேப்டன் மேலே கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து வாசகம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். வந்தது, நீங்கள் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். காற்று அடங்கினால்தான் உள்ளே போக முடியும், எப்போது அடங்கும் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நான்கு மணிக்கு மறுபடி பேசுகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற சிரிப்பு சார் நான்கு மணி என்று குறித்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மைக்கை எடுத்து, இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

கீழே வந்து பார்த்தால் மேசைக்கு முன்னால் வரிசை இல்லை. ஒரு பெரியவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சதுரங்கத்தில் கறுப்புக் குதிரையைக் காணோமாம். இரண்டு பேருமாகச் சோபாவுக்கடியில் தேடி எடுத்தோம்.