மடிப் பாத்திரம்

சௌ. ஸ்ரீரஞ்சனிக்கு,

இவ்வளவு நாள் இதைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் அனிருத்தும் நலம். கோமளம் அக்காவும் நலம். வழக்கம்போல் ‘அநேக ஆசீர்வாதம்’ என்று ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். உன்னை ஆசீர்வதிக்கிற இடத்தில் நான் இருக்கிறேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான். அனிருத்தின் பால் பாட்டில்களைக் கொதிக்க வைப்பதை நான் நிறுத்தலாமா, கூடாதா?

சிரிக்காதே. சிரித்தாலும் சரி. நீ சிரித்துப் பார்த்து நாளாகிறது.

போன வாரம் தடுப்பூசிக்காக அடையாறுக்குப் போயிருந்தோம். அங்கே இருக்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “தவழ்றானா? கையில கிடைக்கிறத எல்லாம் வாயில வச்சுக்கிறானா? அப்புறம் எதுக்கு சார் இன்னும் கொதிக்க வைக்கிறீங்க? சுடுதண்ணி, சோப்பு, பிரஷ். நல்லா காய வைங்க. போதும்” என்றார். பாட்டிலோடு வந்த சிறு புத்தகம் ஒரு வயது முடிகிறவரை என்கிறது. அவன் பிறந்தபோது பார்த்த தி.நகர் டாக்டர் என்ன சொன்னார் என்பது உனக்கு நினைவிருக்கும். குறைமாதக் குழந்தை, நான் சொல்கிறவரை விடாதீர்கள் என்றார். அவர் சொல்லவேயில்லை. கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளிநாடு போய்விட்டாராம். என் விஷயத்தில் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நொச்சிக்குப்பத்திலிருந்து அஸ்வினி என்று ஒரு பெண் வருகிறாள். நீ பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் அதிகம். “இன்னா சார், பாட்டில வேகவச்சி வேகவச்சி ரசம் வெக்கப் போறியா? பையன் அங்க என் செருப்பக் கடிச்சிக்கினு கீறான், நீ இங்க பாட்டில வேகவச்சிக்கினு கீற” என்றாள் நேற்று. ஓடிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். செருப்பின் வாரைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான். கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை உனக்கு எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஆனாலும் அடுப்பை அணைக்கக் கை போகவில்லை. ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. தெரிந்தவரை சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த புதிதில் நீ பாட்டிலை ஒரு முறை கொதிக்க வைத்தாய். பிறகு யாராவது சமையலறைப் பக்கம் நடந்து போனாலே மறுபடி கொதிக்க வைத்தாய். பிறகு இடுக்கியை, அதற்குப் பிறகு உன் கையை. கொதிக்க வைக்க முடியாததால் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய். அக்கா பார்த்தாள். யார் மேலும் படாமல், தனிக்கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் தளிகை பண்ணுகிற அவளுடைய மடி இந்தத் தெருவே அறிந்தது. உன்னுடையதும் மடி என்றே அவள் எடுத்துக்கொண்டாள். “எங்காத்து மாட்டுப்பொண் மாதிரி மடி பாக்கறவா இந்தக் காலத்துல யார் இருக்கா? குழந்தை பாட்டிலைக்கூட ஒருத்தரைத் தொட விடமாட்டா” என்று குளத்தங்கரையில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். யாருக்கும் கொடுக்காத தன் வெண்கலப் பானையை உனக்குக் கொடுத்தாள். அதிலேதான் இன்றைக்கும் பாட்டில் கொதிக்கிறது.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். அக்கா ஆசாரத்தைப் பார்த்தாள், நான் அறிவியலைப் பார்த்தேன். உன் விரலிடுக்கில் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்று உன் அண்ணா கூடத்தில் நின்று கத்தினார். பார்க்காமல் இல்லை. தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். “அவளுக்கு உடம்பு சரியில்ல மாப்பிள்ளை. நீங்க ரெண்டு பேரும் அந்த வியாதிக்கு மாலை போட்டுண்டு இருந்தேள்” என்றார். அந்த வாக்கியத்தை நான் மன்னிக்கப் போவதில்லை. கல்யாணத்தில் என் வயதைச் சொல்லிக் கேலி செய்தவர் அவர். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி இளையவன் ஒருவனுக்குப் போனபோதும் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் எதிரில் நடப்பது ஏன் எனக்கு மட்டும் தெரிவதில்லை?

கே.கே. நகரில் இருக்கும் தன் வீட்டுக்கு உன்னை அழைத்துப்போக உன் அண்ணா ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். நீ வாசலில் நின்றாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய். “நான் தொட்டா அவனுக்கு ஆகாது. பாட்டிலை மட்டும் விட்டுடாதேங்கோ” என்றாய். நீ கடைசியாகச் சொன்னது அது. அதைத்தான் நான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது என் குழப்பம் உனக்குப் புரிகிறதா? நான் நிறுத்திவிட்டு, நீ திரும்பி வந்து அடுப்பில் பானை இல்லாததைப் பார்த்தால் பதறிப்போவாயா? நிறுத்தாமல் இருந்து, நீ வந்து பானை கொதிப்பதைப் பார்த்தால், அந்த ஆவியிலேயே உனக்குப் பழையபடி ஆரம்பித்துவிடுமா? எது உனக்கு நல்லது? டாக்டரம்மா குழந்தைக்குத்தான் பதில் சொன்னார். உனக்கு யாரைக் கேட்பது? உன் அண்ணா போனை எடுப்பதில்லை.

அக்காவிடமும் பேசிப் பார்த்தேன். “அவ வரவரைக்கும் நிறுத்தாதேடா. அவ மடியை நாமதான் காப்பாத்தணும்” என்றாள். அது மடி இல்லை அக்கா, அது வியாதி என்றேன். “அப்போ எனக்கு இருக்கறது?” என்று கேட்டாள். காய்ந்துகொண்டிருந்த மடிப்புடவைக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தாள். அனிருத் தவழ்ந்து போய் அந்தப் புடவையைப் பிடித்து எழுந்து நின்றான். அவள் அவனை விலக்கவில்லை. அவள் யாரையும் அந்தப் புடவையைத் தொட விட்டு நான் பார்த்தது இதுதான் முதல்முறை.

ரஞ்சனி, ஒன்று சொல்லட்டுமா? தெருவெல்லாம் நடந்து வந்த செருப்பு அவனுக்கு ஆகிறது. நீ தொட்டால் ஆகாதா?

வா என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது. நிறுத்து, இல்லை நிறுத்தாதே, இரண்டில் ஒன்றை ஒரு கார்டில் எழுதிப் போடு. எழுதுகிற அளவுக்காவது உன் கை ஆறியிருக்கட்டும். அதுதான் நான் வேண்டிக்கொள்வது.

போன கடிதத்தைப் பிரிக்காமலே உன் அண்ணா திருப்பி அனுப்பினார். அதனால் இந்த உறைமேல் அனுப்புநர் பெயர் எழுதவில்லை. உள்ளேயும் கையெழுத்து போடப்போவதில்லை. ‘உன் கணவன்’ என்று போட்டால் இது உத்தரவு மாதிரி ஆகிவிடும், நீயும் எனக்காக ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவாய். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும். பெயர் இல்லாமல் அப்படியே லஸ் முனைத் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.