என் இங்கிலீஷ் வளர்ந்த வீடு

அன்புள்ள அப்பா,

டாடி என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பீர்கள். இனி உங்களால் எடுக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன், அதுவும் தமிழில்.

நாளைக்கு உங்களுடைய முதல் வருஷ நினைவு நாள். எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாழவந்தியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். உங்கள் இடத்தில் எஸ்டேட் கணக்கு எழுதப் புது ரைட்டர் வந்துவிட்டார். அம்மா அவரிடம்தான் பேர் கொடுத்துக் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள். ரைட்டர் சம்சாரமாக இருந்தவளுக்கு இந்தக் கதியா என்று நீங்கள் துடிப்பீர்கள். அவள் துடிக்கவில்லை. காலையில் பஸ் ஏறும்போது ஆரம்பிக்கிற பேச்சு, ராத்திரி தலை சாய்க்கிறவரை ஓய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, கண்டக்டர், கோழி, எதிரில் யார் வந்தாலும் சரி, நின்று பேசுகிறாள்.

நான் ப்ளஸ் டூ வந்துவிட்டேன். புதிதாக வந்த இங்கிலீஷ் மிஸ் போன வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். நம்முடைய இங்கிலீஷும் எழுத்தும் எப்படி வளர்ந்தன என்று யோசித்து எழுத வேண்டுமாம். எல்லோரும் கர்த்தருக்கும் பெற்றோருக்கும் பள்ளிக்கும் நன்றி சொல்லிப் பக்கத்தை நிரப்பினார்கள். நான் ஒரே ஒரு வரி எழுதினேன். அம்மா வாய் திறக்கக் கூடாத வீட்டில் என் இங்கிலீஷ் வளர்ந்தது என்று. மிஸ் மார்க் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"முதல் வரி ரொம்ப நல்லா இருக்கு எஸ்தர். மிச்சம் எங்கே?"

மிச்சத்தைப் போன வருஷமே சர்ச்சில் பேசிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் படித்த மிஷன் பள்ளி ஹாஸ்டலில் தமிழ் பேசி மாட்டிக்கொண்டவன் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்களாம். அடுத்து ஒருவன் மாட்டுகிறவரை அது இவன் கழுத்தில்தான். நீங்கள் அதை மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறீர்கள். அந்தக் கட்டையைப் பள்ளிக்கூடமே தூக்கி எறிந்துவிட்டது. நீங்கள் எறியவில்லை. சில்வர் ஓக் துண்டு ஒன்றை இழைத்து, துளை போட்டு, காப்பி மூட்டைச் சணலில் கோத்து நம் வீட்டு ஆணியில் மாட்டினீர்கள். விளக்குப் போட்டதிலிருந்து சாப்பிட்டு முடிக்கிறவரை வீட்டுக்குள் இங்கிலீஷ்தான். தமிழ் பேசினவர் கழுத்தில் கட்டை. கட்டை போட்டவருக்குக் கடைசிச் சாப்பாடு.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். கட்டை யாருக்காக இழைத்தீர்கள் அப்பா?

அம்மா முதல் மாதம் தினமும் போட்டுக்கொண்டாள். அப்புறம் போடவில்லை. வாயே திறக்காதவளை யார் பிடிப்பது? அவள் உங்கள் சட்டத்தை ஜெயித்துவிட்டாள் என்று நீங்கள் எஸ்டேட் முதலாளியிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

தேள் கொட்டின நாளும் ஞாபகம் இருக்கும். நான் எட்டாம் வகுப்பு. விளக்குப் போட்டாயிற்று. அம்மா விறகை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் கையை உதறிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். முகம் வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்தாள், ஆணியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். என்ன என்று இங்கிலீஷில் கேட்டீர்கள். விறகடியில் ஓடியதை நான் பார்த்துவிட்டு, அதன் பெயரை இங்கிலீஷில் கத்தினேன். நீங்கள் கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள். அவளே சொல்லட்டும் என்றீர்கள்.

அவள் சொன்னாள். பாதி வார்த்தைதான் வந்தது. திரும்பச் சொல்லச் சொன்னீர்கள். அழுதுகொண்டே முழுதாகச் சொன்னாள். அதன் பிறகுதான் வண்டியை எடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் எவ்வளவு பெருமை! "என் சம்சாரம் வலியிலயும் இங்கிலீஷ்ல சொன்னாங்க சிஸ்டர்!" நர்ஸ் உங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், அதை மறுக்கவில்லை. சேலத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டு வருவீர்கள். தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லித் திருத்துவீர்கள். அது அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அதில் ஒரு துளி அம்மாவுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

பத்தாம் வகுப்பில் உங்களைத் தாண்டிவிட்டேன். உங்கள் சிவப்புப் பேனா சரியாக எழுதினதைத் தப்பாக்க ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை. சாப்பிடும்போது வேண்டுமென்றே உங்களுக்குத் தெரியாத வார்த்தைகளாகப் பொறுக்கிப் பேசினேன். நீங்கள் புரிந்த மாதிரி தலையாட்டுவீர்கள். ஒரு நாள் உங்களை முட்டாள் என்று நீளமாக, அழகாகச் சொன்னேன். "வெரி குட்" என்றீர்கள். அன்றைக்குச் சோறு எனக்கு அவ்வளவு ருசித்தது!

அப்புறம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. சேலம் பெரியாஸ்பத்திரியில் வாய் கோணிப் படுத்திருந்தீர்கள். யெஸ் சார், நோ சார் எல்லாம் போய்விட்டது. முதலாளி வந்து இங்கிலீஷில் விசாரித்தபோது உங்கள் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, கேக்குதுங்களா, ஏனுங்க" என்று நாள் முழுக்கப் பேசினாள். தடுக்க உங்களுக்கு வாய் இல்லை. கடைசிச் சாயங்காலம், வார்டில் விளக்குப் போட்ட பிறகு, உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது.

"தண்ணி."

இங்கிலீஷில் சொல்லுங்கள் டாடி என்பது என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குள் அம்மா டம்ளரை உங்கள் உதட்டில் வைத்துவிட்டாள். அவளுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை.

அடக்கத்தன்று பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, முதலாளி வந்திருக்கிறார், இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசம்மா என்றார். பேசினேன். என் அப்பா எனக்கு இங்கிலீஷ் கொடுத்தார், அதற்கு விலையாக என் அம்மாவின் வாயைக் கொடுத்தார் என்று ஆரம்பித்தேன். கட்டை, கடைசிச் சாப்பாடு, தேள், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிழை இல்லை, குரல் நடுங்கவில்லை. நீங்கள் பெட்டிக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். பாதிரியார் தரையைப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாத மற்ற எல்லோரும் என் குரலைக் கேட்டே அழுதார்கள். முன் பெஞ்சில் அம்மா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து பஸ் ஸ்டாப்பில் இதே பேச்சுதான். "எம்புள்ள அவிங்கப்பாவப் பத்தி இங்கிலீசுல பேசி மொதலாளியவே அழ வெச்சுட்டாளுங்க!" கேட்கும்போதெல்லாம் பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்ப்பேன்.

நேற்று அம்மா சொன்னாள். "நாளன்னிக்கு ஜெபத்துல அதையே தமிழ்ல சொல்லு சாமி. எனக்கும் புரியோணுமில்ல?"

ராத்திரி எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷில் சரசரவென்று வந்தது தமிழில் வரவில்லை. தமிழில் தேள் என்று எழுதினால் அம்மா கை கண்ணுக்குத் தெரிகிறது. உங்களைப் புகழ்ந்து நாலு பொய் எழுதிவிடலாமா என்று பார்த்தேன். அவளுடைய ஒரு வருஷப் பெருமையை எதற்குப் பிடுங்க வேண்டும்? ஆனால் பொய் சொன்னால் மறுபடி அவளுக்குத் தெரியாமல் அவள் தலைக்கு மேலே பேசுகிற ஆள் ஆகிவிடுவேன். அதை நம் வீட்டில் நீங்கள் ஒருவர் செய்தது போதும்.

இன்று காலையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போட்டு உடைத்துவிட்டேன்.

"அன்னிக்கு சர்ச்சுல அப்பாவப் பத்தி நல்லதா ஒண்ணுமே சொல்லலம்மா. தேள் கொட்டுனது, கட்டை, எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"மொதலாளி அதுக்கா கண்ணாடியக் கழட்டுனாரு?"

"ஆமாம்மா."

"அட கடவுளே! ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே நானு!" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் சொன்னாள்.

"ஸ்கார்ப்பியன்."

ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை அப்பா. நீங்கள்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

"இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியாம்மா?"

"தெனமும் ஒருக்காச் சொல்லிப் பாத்துக்குவேன் கண்ணு. மறுக்காக் கொட்டுச்சுன்னா மறந்துறக் கூடாதுல்ல? நொம்ப வலிக்கும் சாமி அது."

சுவரைப் பார்த்தேன். இந்த வீட்டிலும் ஆணியில் கட்டை தொங்குகிறது. சாமான் மாற்றும்போது அவளேதான் கொண்டு வந்து மாட்டினாள். ஏனம்மா என்றேன்.

"எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலியே" என்றாள்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு ஜெபத்தில் இந்தக் கடிதத்தை ஒரு வார்த்தை குறையாமல் வாசிப்பேன். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. வாசித்து முடித்ததும் முதல் இலை அம்மாவுக்கு. நீங்கள் இருந்தவரைக்கும், விளக்குப் போட்ட பிறகு கடைசியாகத் தமிழ் பேசி மாட்டினவர் நீங்கள்தானே? உங்கள் சட்டப்படி கட்டை உங்களுக்குத்தான். அதை எடுத்து உங்கள் படத்தில் நானே மாட்டுவேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசியில், ஒரு டம்ளர் தண்ணீர் உங்கள் முன்னால் வைப்பேன்.

அம்மாவின் மகளும்,
வேறு வழியில்லாமல் உங்கள் மகளுமான
எஸ்தர்