இருபதாவது துணி

என் வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். உன் வயிற்று வலி தேவலையா, கனமான எதையும் தூக்காமல் இருக்கிறாயா? நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு மன்னிப்புக் கடிதம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்றாய். அப்பாவும் அதே பாட்டைத்தான் பாடுகிறார். நடந்ததை முழுசாகக் கேள்.

அன்று ஒரு குடல் ஆபரேஷன். ரத்தம் ஒற்றும் துணி இருபது என்று பலகையில் எழுத வைத்திருந்தேன். வயிற்றை மூடும் முன் எண்ணினால் பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன், பத்தொன்பதுதான். பெரிய டாக்டர் தையல் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே, உள்ளே எதுவும் இல்லை, உனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்றார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஆனாலும், "ஒண்ணு குறையுது சார், எக்ஸ்ரே எடுக்காம ஊசி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். துணியில் கோத்த இழை அதில் தெரியும், ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை. துணி டாக்டரின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோயாளி அரை மணி நேரம் கூடுதலாக மயக்கத்தில் கிடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும் என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். செருப்பு யாருடையது என்று அந்த மெமோவில் ஒரு வரிகூட இல்லை.

நான் எழுத மாட்டேன். இருபத்தாறு வருஷம் அந்த மேஜைப் பக்கம் நின்றவள், வேண்டுமானால் சீட்டு எழுதிவிட்டுப் போகிறேன். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டால், அடுத்த முறை ஒன்று குறையும்போது அவள் வாயைத் திறப்பாளா? அப்போதும் துணி செருப்படியில்தான் இருக்கும் என்று யார் கண்டது?

அடுத்த மாதம் உன் வயிற்றுக் கட்டியை எடுக்கிறார்கள். இந்த மெமோ மேல் நடக்கும் விசாரணை முடியும்வரை எனக்கு லீவு கிடையாது. மாப்பிள்ளை வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். உள்ளே உன் பக்கத்தில் நிற்கப் போகிறவள் யாரோ, எனக்குத் தெரியாது. அவள் இதுவரை யாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதவளாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நல்லபடியாக எழுந்து நடப்பாய், என் ஆசி எப்போதும் உன்னோடு. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போ.

இப்படிக்கு,
எண்ணத் தெரியாத உன் அம்மா