மேசையின் மறுமுனை

சிசிலி,
ஆகஸ்ட் பதினேழு

அன்புத் தம்பி தானோவுக்கு, அக்கா வெனேரா எழுதுவது. நான் நலம். பெல்ஜியத்தில் நீயும் உன் இடுப்பு வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே மழை இல்லை. தக்காளியை வெட்டி மாடியில் காயப் போட்டிருக்கிறேன். ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன்.

மாதா திருநாளன்று, எப்போதும்போல் கோயில் முன் சதுக்கத்தில் நம் படத்தைப் போட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற கதாநாயகன் ஒரு நாள் பிந்தி வந்து, காலி மேசையில் உட்கார்ந்து மிச்ச ரொட்டியைத் தின்பானே, அந்த இடத்தில் விடுமுறைக்கு வந்த மிலானோக்காரர்கள் இந்த வருஷமும் மூக்கைச் சிந்தினார்கள். அதில் ஒரு பெண் என்னிடம் வந்து, இந்தப் படம் ஏன் இப்படி அழவைக்கிறது என்று கேட்டாள். வீட்டில் யாரையாவது காக்க வைத்துவிட்டு வந்திருப்பாய் அம்மா, அதுதான் என்றேன். அவள் முகம் செத்துவிட்டது. என் வாய் உனக்குத் தெரியாததா.

நம் ஊர்க்காரர்கள் கதைக்கா அழுகிறார்கள்? படம் எடுத்தபோது ஊரே அதில் நடித்தது. வருஷத்துக்கு ஒருமுறை, செத்துப்போனவர்களெல்லாம் அதே சட்டையில் திரையில் நடந்து வருகிறார்கள். அவர்கள் உயிரோடிருந்தபோது நாம் செய்த அதே கிண்டலை இன்னும் கத்துகிறோம். இந்த முறையும் ரொட்டிக்கடை நூன்சியோ வந்ததும், "தொப்பைய உள்ள இழுடா" என்று சதுக்கமே கத்தியது. அவன் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. முதலில் சிரித்தது அவன் மனைவிதான்.

அப்புறம் திரையில் நீயும் என் வீட்டுக்காரரும் கல்யாண மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சாரோ முன்னால், நீ பின்னால். கேமராவைப் பார்க்காதே என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் பார்த்துப் பல்லைக் காட்டுவாரே, அதே பல். வருஷா வருஷம் நான் கத்துவது உனக்குத் தெரியும்: "சாரோ, மேசையப் போட்டுட்டு வீட்டுக்கு வா, பாஸ்தா ஆறுது." பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் திருப்பிக் கத்துவார்: "உன் தம்பிய விடச் சொல்லு, நானும் விடுறேன்." அப்பாவின் படகை அவர் விற்றதால் நீ பேச்சை நிறுத்திய பிறகும் அந்தப் பதிலை அவர் மாற்றவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உன் பேச்சை எடுப்பார்.

இந்த முறை சதுக்கம் எனக்காகச் சத்தமில்லாமல் காத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மேசை திரையைக் கடந்து போய்விட்டது. பக்கத்து வீட்டு அகாத்தினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த மாதிரியே தெரியவில்லை. பிப்ரவரியில் அவரைப் புதைத்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, தானோ. பசியும் வரவில்லை. எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று உன்னை நான் கேட்கவில்லை. விமானம் கிடைக்கவில்லை என்றாய், சரி.

துக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று ஊர் நினைக்கிறது. தொண்டைக்கு ஒன்றுமில்லை. கத்தினால் பதில் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

அடுத்த திருநாளுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார். நான் கத்துகிறேன். நீ என்ன வேண்டுமானாலும் பதில் கத்து, அவரைத் திட்டினாலும் சரி. படத்தில் நீயும் இன்னும் மேசையை விடவில்லை.

மாதா உன் இடுப்பைக் காக்கட்டும்.

உன் அக்கா,
வெனேரா