நடு அண்ணனின் தோப்பு

12-8-57, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. சோற்றில் மணல், தலையணையில் மணல், இந்தப் பேனா முள்ளிலும் மணல். கிணற்று வாளிக்குக் கயிறு வாங்க வேண்டும். மறுபடி மறந்தேன்.

பெரியண்ணன் ஆள் அனுப்பினார். வியாழன் சாயங்காலம் நடு அண்ணன் வீட்டில் ஜெபம். முடிந்ததும் மதினியும் மூத்த பெண் ராகேலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தென்னந்தோப்பில் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று.

நடு அண்ணன் பங்குனியில் காய்ச்சலில் போனார். மூன்று பெண்கள். பையன் இல்லை. எங்கள் குடும்ப வழக்கப்படி, பையன் இல்லாதவன் நிலம் கூடப்பிறந்தவர்களுக்கு. பெண்களுக்குக் கல்யாணத்தன்று கொஞ்சம் நகை, கொஞ்சம் அழுகை. ஆக, பாதித் தோப்பு பெரியண்ணனுக்கு, பாதி எனக்கு.

கோபம். முதலில் என் மேல்தான். பாதி என்று கேட்டதும் மனசு அங்கே போய்க் கட்டில் போட்டுப் படுத்துவிட்டது.

13-8, செவ்வாய்

வாளிக் கயிறு வாங்கியாயிற்று. நீளம் போதவில்லை. அளக்காமல் போனது யார்? நான்தான்.

சந்தையில் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தேன். சட்டப்படி அப்பா சொத்து பெண்பிள்ளைகளுக்கு உண்டாம். "அதுனாலதானய்யா கையெழுத்துக் கேக்குறாக. சும்மாவே கூடப்பொறந்தவுகளுக்கு வருமுன்னா பத்திரம் எதுக்கு?" என்றார். மூன்றாம் பாரம் தேறாத மண்டைக்கு இது இன்றைக்குத்தான் ஏறியது. பெரியண்ணனுக்கு முன்னமே தெரியும். தெரிந்துதான் ஜெபத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

15-8, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடி. மிட்டாய். பெரியண்ணன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார், வெகு நேரம்.

சாயங்காலம் நடு அண்ணன் வீடு. பாயில் பெரியண்ணன், அவர் மகன் சாமு, நான். உள்வாசலில் பெண்கள். பத்திரம் மடித்துப் பெரியண்ணனின் வேதப் புத்தகத்தின் கீழே.

எங்கள் அய்யா காலத்து ஒழுங்கு ஒன்று உண்டு. மூன்று வீட்டிலும் தினம் ஒரே அதிகாரம், வரிசையாக. எதையும் தாண்டக் கூடாது. நேற்று முழுக்கக் கோத்திரப் பெயர்கள், கொட்டாவி விட்டே தாடை வலித்தது. இந்த ஒழுங்குக்குப் பெரியண்ணன்தான் காவல். ஆனால் நாள் குறித்த மனிதர், அன்றைக்கு எந்த அதிகாரம் வரும் என்று புரட்டிப் பார்க்கவில்லை.

ராகேல் வாசித்தாள். வனாந்தரத்தில் ஒருவர் இறந்துபோகிறார். பையன் இல்லை, ஐந்து பெண்கள். ஐந்து பேரும் கூடாரத்து வாசலுக்கு வருகிறார்கள். எதிரே மோசே, ஆசாரியர், தலைவர்கள், மொத்தச் சனமும். பையன் இல்லையென்பதற்காக எங்கள் அப்பா பெயர் அழிய வேண்டுமா, எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று நேராகக் கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை, ஆண்டவரிடம் போகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி, கொடு என்கிறார் ஆண்டவர்.

ராகேல் நிறுத்தினாள். அந்த இடத்தை மறுபடி வாசித்தாள்.

"ஒரு தடவ வாசிச்சாப் போதும்," என்றார் பெரியண்ணன்.

"சரியாக் கேக்கலையோன்னு நெனச்சேன் பெரியப்பா."

பத்திரம் வெளியே வரவில்லை. காப்பி வந்தது. சீனி இல்லை. யாரும் கேட்கவில்லை.

18-8, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோவில் வாசல். பெரியண்ணன் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார். (தாண்டிப் படித்திருக்கிறார்!) பின்னால் ஒரு அதிகாரத்தில் அந்தக் கோத்திரத்துப் பெரியவர்கள் முறையிடுகிறார்களாம், பெண்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் கை மாறிவிடும் என்று. அதனால் அப்பா வழியிலேயே கட்டிக்கொள்ளச் சொல்லிக் கட்டளை.

"பாத்தியா? நெலம் வம்சத்த விட்டுப் போகக் கூடாது. வேதமே சொல்லுது. கையெழுத்தப் போடு."

ராகேல் கேட்டாள், "அந்தப் புள்ளைக யாரக் கட்டிக்கிட்டாக பெரியப்பா?"

அவர் அவளைப் பார்க்காமல் புத்தகத்துப் பக்கத்தைப் பார்த்தார். ராகேலே சொன்னாள்.

"பெரியப்பா சித்தப்பா மக்களத்தான். அப்ப நான் சாமு அண்ணனக் கட்டிக்கிடவா?"

சாமு நின்ற இடத்தில் இருமினான். பெண்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணன் தங்கச்சிடீ! வாயக் கழுவு!" என்றார் பெரியண்ணன்.

"அப்ப அது நமக்கு ஆகாது. நெலத்தப் புடுங்குற பாதி மட்டும் ஆகுமா?"

எனக்கும் சிரிப்புதான். பெரியண்ணன் திரும்பியதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. நாற்பது வயதுக் கழுதை.

20-8, செவ்வாய்

தலைவலி. காற்று ஓயவில்லை.

பெரியண்ணன் வந்தார். உட்காரவில்லை. "ஏலே, நாளைக்குக் காய் எறக்குறேன். நீயும் வந்து நில்லு. ரெண்டு பங்காளியும் நின்னாத்தான் ஊரு ஒத்துக்கிடும். காய எறக்கிட்டா தோப்பு நம்ம கையில."

சொல்ல நினைத்தது: அண்ணே, செத்தவன் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கித் தின்ன எனக்குப் பல் இல்லை. சொன்னது: "வயிறு சரியில்லண்ணே."

வீட்டில் இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "வயிறா? நம்மளுக்கும் ரெண்டும் பொட்டப் புள்ளதான். நீங்க கண்ண மூடுனா உங்க அண்ணன் இங்கன வர எம்புட்டு நேரமாகும்?"

பெரியவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், சின்னவள் பல்லியை விரட்டிக்கொண்டிருந்தாள். இந்த வழக்கத்தை உண்டாக்கியவன் எவனோ, அவனுக்குப் பெண்ணே பிறந்திருக்காது.

21-8, புதன்

தோப்பு. பெரியண்ணன், சாமு, மாட்டு வண்டி, மரம் ஏறுகிற முத்து. நான் வேலிக்கு வெளியே, போகிற வழியில் சும்மா நிற்கிறவன் மாதிரி.

முத்து முதல் மரத்தடிக்குப் போனார். ராகேல் வந்து அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளிப் போ, தலையில விழும்," என்றார் பெரியண்ணன்.

"விழட்டும் பெரியப்பா. யாரு போட்டதுன்னு ஊருக்குத் தெரியட்டும்."

முத்து அடுத்த மரத்துக்குப் போனார். அங்கே மதினி. அதற்கடுத்து தங்கைகள் இருவரும். அதற்கும் அடுத்ததில் என் மனைவி, இரண்டு கையிலும் என் பெண்கள். அவள் எப்போது வேலி தாண்டினாள்?

"ஏலே, உம் பொண்டாட்டியக் கூப்பிடு."

கால் தானாக வேலியைத் தாண்டியது. நடந்துபோய் இன்னொரு மரத்தடியில் நின்றேன். மேலே பார்த்தேன். முற்றின குலை, நேராக என் வழுக்கைக்கு மேல்.

பெரியண்ணன் விரலை என் மரத்தின் மேல் நீட்டினார். "இதுல ஏறு."

முத்து காலில் மாட்டுகிற தளைக்கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "மனுசன் தலைக்கு மேல நான் காய் தள்ளுறதில்லய்யா."

பெரியண்ணன் நாளை வேறு ஊர் ஆளோடு வருவாராம். வீட்டில் இவள் புளிச்சோறு கிளறுகிறாள், எல்லாருக்கும், தோப்புக்கு எடுத்துப் போக.