பதினொரு விநாடி

வேலப்பன்சாவடி,
3.6.2024

அன்புள்ள ரெனிதாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதோடு சரி, இன்றுதான் மறுபடி உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது தப்புதான். கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டி நீ கத்தினாய். நான் குழாயைத் திறக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயே ஓடிப்போய்த் தண்ணீரில் கையை நீட்டியதும், "பதினொரு செகண்ட்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆய்வகத்தில் நாளெல்லாம் வலியை அளக்கிற அதே வேலை. எலியைச் சூடான தட்டில் விட்டு, அது பின்னங்காலை நக்கும் வரை விநாடி எண்ணி, உடனே தூக்கிவிட வேண்டும். மூளைக்குள் வைத்த மெல்லிய கம்பி வழியாக நியூரான்கள் படபடவென்று பொரிவது ஸ்பீக்கரில் கேட்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அலுத்துப்போயிருக்கிறேன். வந்துவிடு.

உன்
டேனி

ஆவடி குவார்ட்டர்ஸ்,
12.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. கோபமெல்லாம் வடிந்து அசதிதான் மிச்சம். அப்பா ஃபாக்டரியிலிருந்து வந்ததும் முதலில் என்னிடம்தான் வருகிறார். பக்கத்து வீட்டுச் சரசா அக்கா துணி காயப்போட வரும்போதெல்லாம், "இன்னாம்மா ரெனிதா, கை எப்டி கீது?" என்கிறார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேர் தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். பதில் சொல்லியே வாய் வலிக்கிறது.

எலிகளுக்காவது எண்ணி முடித்ததும் தூக்கிவிட ஆள் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரெனிதா

வேலப்பன்சாவடி,
20.6.2024

ரெனிதா கண்ணு,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்துவிட்டேன். உனக்கு ஒரு செய்தி. ஓர் எலிக்குச் சுட்டால் அதன் மூளையில் பொரிகிற சில நியூரான்கள், பக்கத்து எலி துடிப்பதைப் பார்த்தாலும் பொரிகின்றன. நேற்று என் காதாலேயே கேட்டேன். தட்டில் இருந்தது ஒன்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொன்றின் மூளையில் சத்தம். உன் ஞாபகம் வந்து எனக்குக் கை நடுங்கியது. காலை நக்குவதற்கு முன்பே தட்டிலிருந்த எலியைத் தூக்கிவிட்டேன். எங்கள் ஆய்வகத் தலைவர் கஜபதி சார், "ஒரு வாரத்து வேல போச்சே! இன்னாய்யா, கண்ண முயிச்சிகினே தூங்குறியா?" என்று கத்தினார். கத்தட்டும். நான் மாறிவிட்டேன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூலை முதல் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து ஆராதனை முடிந்ததும் உன்னைக் கூட்டிப்போக வருகிறேன்.

டேனி

ஆவடி,
29.6.2024

அன்புள்ள டேனிக்கு,

எலியைத் தூக்கிவிட்டது நல்ல காரியம். மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். தட்டின் சூடு இருக்கிறது. கஜபதி சாரின் திட்டு இருக்கிறது. உங்கள் அலுப்பும், உங்கள் கை நடுங்கியதும்கூட இருக்கிறது. சரசா அக்கா தினமும் கேட்கிற கேள்வியை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்குத்தான் காத்திருந்து காத்திருந்து சலித்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம். அந்த ஞாயிறு அப்பா குட்டியானை வண்டியோடு வருவார். என் துணிமணியையும் தையல் மெஷினையும் ஏற்றி அனுப்புங்கள்.

கை ஆறிவிட்டது.

ரெனிதா