சத்தம் போடாத தரை

டீச்சர், உங்கள் பள்ளிக்கூடத்து ஹாலைக் கிழக்குப் பக்கமாக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். சுவர் பூசி முடிந்துவிட்டது. தரை மட்டும் பாக்கி. விலை பேச நேற்றுக் காலையில் புதுச் செயலாளர் என் கடைக்கு வந்தார். பேசி முடித்தாகிவிட்டது. முடித்ததை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் வந்த நேரத்தில் நான் மக்கு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற அதே மக்கு, ஆளிவிதை எண்ணெய் விட்டு, காவிப்பொடி போட்டு. ஜூன் பிறக்கப் போகிறது அல்லவா. அந்த எண்ணெய் வாடை கடை முழுக்க நின்றது. செயலாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, டைல்ஸ் கடையில மீன் வாடை அடிக்குது?" என்றார். எனக்கு அந்த வாடையில் மீன் வருவதில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள், கையில் ஒரு எவர்சில்வர் தம்ளரோடு.

முதல்முறை நீங்கள் என் கடைக்கு வந்தபோது எட்டயபுரம் ரோட்டில் நான் கடை போட்டு அதிக நாள் ஆகவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. ஊரில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் மொசைக்கை விட்டுவிட்டு டைல்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். சாக்குத் தைக்கிற வேலையில் தொடங்கி, சிமெண்டு மூட்டை சுமந்து, கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு ஷட்டரைத் தூக்கியிருந்தேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான். எது மினுங்கும், எது மலிவு. நீங்கள் கேட்டது மூன்றாவது.

"அண்ணாச்சி, சத்தம் போடாத தரை இருக்கா?"

"தரை எங்கம்மா சத்தம் போடுது? மேல நடக்குதவியள்லா போடுதாவ."

நீங்கள் சிரிக்கவில்லை. பையிலிருந்து தம்ளரை எடுத்து, நான் அடுக்கி வைத்திருந்த மார்பிள் மேல் போட்டீர்கள். கணீரென்று கேட்டது. கல்லாவுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிறகு செராமிக் மேல், கடப்பா மேல், மொசைக் மேல். அன்று என் கடையில் தம்ளர் விழாத சரக்கே இல்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், வாங்குதீங்களா, மேளம் அடிக்கீங்களா?" என்றேன்.

அப்போதுதான் சொன்னீர்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் ஒருவனுக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகை வரும். ஒருத்திக்கு டியூப்லைட் வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்பினால் கண்ணில் ஊசி குத்துவது போல் இருக்கும். இரண்டு பேருக்குப் பார்வையே கிடையாது, எங்கே நிற்கிறோம் என்று பாதம்தான் சொல்ல வேண்டும். சொரசொரப்பே ஆகாத பாதமும் உண்டு. "எல்லாருக்கும் ஒரே தரை வேணும் அண்ணாச்சி. அதான் கஷ்டம்." ஏதோ ரவை வாங்க வந்தவர் போலச் சாதாரணமாகச் சொன்னீர்கள்.

எனக்கு அன்று இரக்கமெல்லாம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். சிக்கலான வாடிக்கையாளர், ஆனால் பெரிய ஹால் என்று கணக்குப் போட்டேன்.

கட்டடத்துக்குப் பணம் தந்தவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நல்ல மனுசன். கொடுப்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர். அவர் கடைக்கு வந்து, "தரையில முகம் தெரியணும், அப்படிப் போட்டுரு" என்றார். கூடவே வந்திருந்த நீங்கள் கேட்டீர்கள்: "யாரு முகம் முதலாளி? உங்க முகமா, எங்க பிள்ளைக முகமா?"

"யாரு முகமா இருந்தா என்ன டீச்சர், பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? நாளைக்கு நாலு பேரு வந்து பாப்பாவல்லா?"

"அந்த நாலு பேரு ஒரு நாள் வருவாவ. இதுக தினமும் வருதுகளே."

முதலாளி, "எம்பேரு போட்ட கல்லாவது மினுங்கலாமா?" என்றார். "அது சுவத்துல தான இருக்கு, எவ்வளவு வேணாலும் மினுங்கட்டும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வியாபாரத்தில் எனக்கு நன்றாக வாய் உண்டு என்று நினைத்திருந்தேன். அன்று ஓர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் முடிவானது இதுதான். வகுப்பறைகளுக்கு மதுரையிலிருந்து வரவழைத்த தடிமனான வினைல் விரிப்பு. அதில் தம்ளரைப் போட்டால் தொம்மென்று அடங்கிவிடும். ஹாலுக்கும் அதையே போடக் காசு கட்டாது. அதனால் ஹாலுக்குக் காவி கலந்த சிமெண்டுத் தரை, பாலீஷ் இல்லாமல். நாற்காலிக் கால்களுக்கு சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிடுவது. ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் கரணை ஓட்டி வழவழப்பாக்காமல் ஒரு சாண் பட்டையைச் சொரசொரப்பாக விட்டுவிடுவது, பார்வையில்லாத பிள்ளைகள் வாசல் வந்துவிட்டது என்று பாதத்தால் தெரிந்துகொள்ள. சொரசொரப்பு ஆகாத பாதம் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். கொத்தனாருக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "பாலீஷ் இல்லாத தரைய நான்தான் போட்டேன்னு வெளிய சொல்லிராதீங்க டீச்சர். எம் மவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அப்புறம் பணம். பாதி முன்பணம் தருவீர்கள், மீதி பிள்ளைகள் நடந்த பிறகு என்றீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"தரை எம் பொறுப்பு. கால் உங்க பொறுப்பு. அது நடக்கலன்னா நான் என்ன செய்ய?"

"நடக்கலன்னா அதத் தரைன்னு எதுக்கு வாங்கணும்? வாசல் முற்றம் முழுக்க மண்ணு சும்மாவே கெடக்கே."

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது, அளவெடுக்க உங்கள் பழைய வாடகைக் கட்டடத்துக்கு வந்தபோது புரிந்தது. வாசற்படிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். செல்வி. குளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பேச்சு கிடையாது. அந்தக் கட்டடத்தின் வழவழத் தரையும் எதிரொலியும் ஆகாமல், சேர்ந்ததிலிருந்து அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. நீங்கள்தான் பலகையையும் மணிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பீர்கள். அவள் அம்மா உப்பள வேலையை விட்டுவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்துக்காகவே கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் வந்து ஒண்டியிருந்தாள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே உங்களிடம் சொன்னாள்: "புதுக் கட்டடத்துலயும் உள்ள போகலன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் டீச்சர். மதினி மொகம் சரியில்ல. அங்கன உப்பளத்துலயாவது எங் கண்ணு முன்னால கெடப்பா."

நீங்கள் என்னைப் பார்த்து, "அளவு சரியா எடுங்க அண்ணாச்சி" என்றீர்கள்.

தரை நன்றாகவே வந்தது. கரிசலைத் தோண்டி வெளியே தள்ளி, சரளை நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன் மேல் போட்டோம். நம் ஊரில் பெரிய தரையை ஒரே பரப்பாகப் போட முடியாது. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். என்னதான் சரளை போட்டாலும் அடியில் இருப்பது கரிசல்தான். அதனால் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, தார் ஊற்றி அடைப்போம். சுற்றுவட்டாரத்தில் சரக்குக் கிட்டங்கி, கல்யாண மண்டபம், ரைஸ்மில் எல்லாம் அப்படித்தான். செங்காவித் தரையில் கறுப்புக் கோடுகள். பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

நடந்து பார்க்கிற அன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். காதைப் பொத்துகிற பையன் கையை எடுத்துவிட்டு நடந்தான். பார்வையில்லாத இருவரும் சொரசொரப்புப் பட்டையில் கால் பட்டதும் நின்று, வாசலைத் தடவிக் கண்டுபிடித்தார்கள். முதலாளி கை தட்டப் போனவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். கடைசியாகச் செல்வி.

படி ஏறினாள். உள்ளே வந்தாள். அதுவே பெரிது. முதல் கட்டத்தைக் கடந்து கறுப்புக் கோட்டின் முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். உட்கார்ந்து கோட்டில் விரலை வைத்து அழுத்தினாள். தார் உள்வாங்கியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். மறுபடி கூட்டி வந்தீர்கள். மறுபடி அதே இடம். ஜன்னலைச் சாத்திப் பார்த்தீர்கள், வெளிச்சமோ என்று. எல்லாரையும் வெளியே போகச் சொன்னீர்கள், சத்தமோ என்று. சேலையோடு தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தீர்கள், மேலே கூரையில் ஏதாவது தெரிகிறதோ என்று. வாசலில் அந்த அம்மா முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, கிளம்புவதற்குப் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விளாத்திகுளம் பக்கத்துக் காட்டில் வளர்ந்தவன். சித்திரை வெயிலில் கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கால் நுழைகிற அகலம், அடி தெரியாத கறுப்பு. என்னுடைய புதுச் செருப்பில் ஒன்றை அப்படி ஒரு வெடிப்பு விழுங்கி, வீட்டில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

"டீச்சர், அது வெடிப்பு" என்றேன்.

படுத்திருந்தவர் துள்ளி எழுந்தீர்கள். "அதுக்குள்ளயா? எங்கன வெடிச்சிருக்கு?"

"தரை வெடிக்கல. அந்தக் கோடு. அவளுக்கு அது காட்டு வெடிப்பு."

செல்வியின் அம்மா வாசலிலிருந்தே சொன்னாள்: "ஆமா டீச்சர். கோடையில காட்டு வழியா வரையில நான் இவளத் தூக்கிட்டுத்தான் தாண்டுவேன். மிதிச்சிராத மிதிச்சிராதன்னு சொல்லிக்கிட்டே வருவேன்."

நாங்கள் எல்லாரும் அதே வெடிப்பைத் தாண்டி வளர்ந்தவர்கள். அந்த வெடிப்புக்குப் பயந்துதான் அந்தக் கோட்டையே போட்டோம். அதே வெடிப்பு மாதிரி கறுப்பாகவும் போட்டு வைத்திருக்கிறோம்.

கோட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். எடுத்தால் அடுத்த கோடையில் தரை தன் இஷ்டத்துக்கு வெடிக்கும் என்றார் கொத்தனார். தாரை மேலாகச் சுரண்டிவிட்டு, தரை நிறத்திலேயே காவி கலந்த மக்கை வைக்கலாம் என்று நான் சொன்னேன். எண்ணெய் மக்கு சீக்கிரம் இறுகாது, மண்ணோடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் வருசா வருசம் வெயிலில் காய்ந்து சுருங்கும், கறுப்பு எட்டிப் பார்க்கும், ஒவ்வொரு ஜூனுக்கும் முன்னால் புதிதாக வைக்க வேண்டும்.

"யாரு வைப்பா?" என்றீர்கள்.

"வேற யாரு, மீதிப் பணம் வாங்க வேண்டியவன்தான்" என்றேன்.

இரண்டு நாளில் மக்கு வைத்து முடித்ததும் செல்வி மறுபடி வந்தாள், அவள் அம்மா அன்றும் ஊருக்குக் கிளம்புகிற பையோடுதான். கோடு இருந்த இடத்தில் உட்கார்ந்து, விரலால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தேய்த்தாள். விரலை மோந்து பார்த்தாள். எழுந்து கடந்தாள். அடுத்த கோட்டிலும் அப்படியே. ஹாலின் அந்தக் கோடிக்கு அவள் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆனது. அவள் அம்மா கக்கத்திலிருந்த பையைக் கீழே வைத்ததை மட்டும் நான் பார்த்தேன்.

நீங்கள் போன அன்று நான் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியாமல் ஹாலில் நின்றேன். செல்வி ஒரு கோட்டின் பக்கத்தில் குத்தவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மக்கு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. போய் எடுத்து வந்து அடைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

இப்போது அவள் உங்கள் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாய் விரித்து, தம்ளர் கழுவி வைக்கிறாள். சம்பளம் உண்டு. பேச்சு இன்னும் இல்லை. ஒவ்வொரு வருசமும் நான் மக்கு வைத்து முடித்ததும் ஒரு கோடு விடாமல் தேய்த்துப் பார்ப்பாள். சரியில்லாத இடத்தில் எழுந்திருக்க மாட்டாள். இத்தனை வருச வியாபாரத்தில் அவளைப் போல வேலையைச் சோதிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

நேற்று வந்த செயலாளர் கெட்டவரில்லை. இப்போது எல்லா வீட்டிலும் போடுகிற பெரிய பளபளப்பு டைல்ஸ் படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "ஏர்போர்ட்ல கூட இப்ப இதான் அண்ணாச்சி" என்றார்.

"ஏர்போர்ட்டுக்கு வாரவிய பெட்டிய உருட்டிட்டுப் பறந்துருவாவ சார். இதுக அங்கனயே இருக்கணும்லா."

அந்த டைல்ஸில் எனக்கு லாபம் அதிகம், அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து தம்ளரை எடுத்தேன். நீங்கள் முதல்முறை வந்த அன்று மறந்து விட்டுப்போனது. திருப்பிக் கேட்கவில்லை, நானும் தரவில்லை. ஒரு டைல்ஸைக் கீழே வைத்து, அவர் கையாலேயே போடச் சொன்னேன். கணீரென்றது. "அம்பது பிள்ளைக சாப்பிடுத நேரத்துல நெனச்சுப் பாருங்க" என்றேன். படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்தது. காவிச் சிமெண்டுத் தரை, பாலீஷ் கிடையாது, வாசலுக்கு வாசல் சொரசொரப்புப் பட்டை. கூலியோடு சேர்த்துச் சதுர அடிக்கு நாற்பத்தெட்டு ரூபாய். மக்கு என் செலவு, வருசா வருசம். பாதி முன்பணம். மீதி, செல்வி புது ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேய்த்துப் பார்த்து நடந்த பிறகு. கடைசி நிபந்தனையை அவர் கேட்கவில்லை டீச்சர். நான்தான் போட்டேன்.